பதின்மூன்றாம் பக்கத்தில் நின்ற கதை: ஆகாத இரண்டு அணிகள் ஒரே விண்வெளி வீட்டில் எப்படிக் குடியிருக்கும்?

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஒரு சித்திரக்கதை வரைந்துகொண்டு வருகிறான். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சூப்பர் ஹீரோ அணிகள். இரண்டு அணிகளின் தளமும் பூமியில் அழிந்துபோகின்றன. மிச்சம் இருப்பது வானத்தில் சுற்றும் ஒரே ஒரு நிலையம். வேறு வழியில்லாமல் இரண்டு அணியும் அங்கேதான் குடியேற வேண்டும். பன்னிரண்டு பக்கம் மளமளவென்று வரைந்தவன் பதின்மூன்றில் நின்றுவிட்டான். "மாமா, ரெண்டு டீமும் உள்ள வந்துட்டாங்க, சண்டையும் போட்டாச்சு. இனி என்னதான் பண்ணுவாங்க?" என்று கேட்டான்.

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தப் பதின்மூன்றாம் பக்கத்தில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. பதில் காமிக்ஸில் இருப்பதைவிட, உண்மையாகவே பகையாளிகள் சேர்ந்து குடியிருந்த விண்வெளி வீடுகளின் வரலாற்றில் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் காமிக்ஸ் பக்கம். தமிழில் நாம் வளர்ந்தது தனியாள் நாயகர்களோடு. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. தனியாகப் போவார், தனியாக ஜெயிப்பார், அவர் யாரோடு குளியலறையைப் பங்கு போடுகிறார் என்ற கேள்வியே எழாது. அமெரிக்கக் காமிக்ஸில் அணி என்பது 1940-லேயே ஜஸ்டிஸ் சொசைட்டியோடு வந்துவிட்டது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருக்கிற நாயகர்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள், கோபித்துக்கொண்டு வெளியே போவார்கள் என்பதைக் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தது 1961-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1963-இல், அவெஞ்சர்ஸும் எக்ஸ்-மென்னும் ஒரே ஆண்டில் வந்தன. அப்புறம் அணிக்கு அணி மோதல் ஒரு சூத்திரமாகவே ஆனது: தவறாகப் புரிந்துகொள்வார்கள், அடித்துக்கொள்வார்கள், பொது எதிரி வருவான், கைகுலுக்குவார்கள்.

விண்வெளி வீடு 1970-இல் வந்தது. சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கும் ஜஸ்டிஸ் லீக் அணி தன் தளத்தைப் பூமிக்கு மேலே 22,300 மைல் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளுக்கு மாற்றியது. நம் ஊர் மொட்டைமாடிகளில் இருக்கும் டிஷ் எந்தச் செயற்கைக்கோள்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதோ, அவை நிற்கும் உயரம் அது. அழகான கற்பனை. ஆனால் அந்தத் தளத்துக்குப் போகவும் வரவும் ஓர் இடமாற்றுக் கருவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் பூமி. நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் அது குடித்தனம் இல்லை, அலுவலகம். நம் கதையில் இருக்கும் 'வேறு வழியில்லாமல்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது.

இன்னொரு சிக்கல், சூப்பர்மேனுக்குக் காற்று வேண்டாம், பேட்மேனுக்கு வேண்டும். ஒரு வீட்டில் பாதிப் பேருக்குச் சுவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால், அந்த வீடு அவர்களுக்குப் பொதுவானது ஆகாது. பொது எதிரி கட்டாயம் தேவைப்படுவது இதனால்தான். வீடே அவர்களை இறுக்கிப் பிடிக்காதபோது, வெளியிலிருந்து ஒருவன் வந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. "அப்ப எல்லாரோட பவரையும் எடுத்துரவா மாமா?" என்றான். வேண்டாம், காற்றை மட்டும் எல்லாருக்கும் தேவையாக்கு என்றேன்.

இனி உண்மைக்கு வருவோம்.

1975 ஜூலை 17. அமெரிக்காவின் அப்போலோ கலமும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்வெளியில் இணைந்தன. இரண்டு நாடும் ஒன்றை நோக்கி ஒன்று அணு ஏவுகணைகளைத் திருப்பி வைத்திருந்த காலம். அமெரிக்கத் தளபதி டாம் ஸ்டாஃபோர்டும் சோவியத் தளபதி அலெக்சி லியோனவும் கதவின் வழியே கைகுலுக்கிய படம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கைகுலுக்கலுக்கு முன்னால் இருந்த தொல்லைதான் கதைக்காரர்களுக்குச் சொத்து. சோயுஸுக்குள் இருந்தது நாம் தரையில் சுவாசிப்பது போன்ற காற்று, அதே அழுத்தம். அப்போலோவில் இருந்தது தூய ஆக்ஸிஜன், அழுத்தம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சோயுஸிலிருந்து அப்போலோவுக்கு நேராக நுழைந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டிவிடும். காற்று உருளை கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்கள் மேலே வேகமாக வந்தால் மூட்டு முடங்கும், உயிரே போகும் என்பது கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்குத் தெரியும். அதே ஆபத்துதான். அதனால் நடுவில் ஒரு தனி அறை கட்டி, சோயுஸ் தன் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, ஆட்கள் அந்த நடு அறையில் காத்திருந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு போய்வந்தார்கள்.

கதவிலும் ஒரு கௌரவப் பிரச்சினை இருந்தது. அதுவரை இணைப்புக் கருவிகள் ஒன்று நுழையும், மற்றது ஏற்கும் என்ற முறையில் இருந்தன. யார் நுழைவது, யார் ஏற்பது? அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், யாரும் யாரையும் பிடிக்கலாம் என்கிற ஒரு வளையத்தை வடிவமைத்தார்கள். சோவியத் பக்கம் அந்த வேலையைச் செய்தவர் விளாதிமிர் சிரோமியாத்னிகவ். மொழியையும் இப்படித்தான் தீர்த்தார்கள்: ஒவ்வொருவரும் மற்றவர் மொழியில் பேசுவது. ஸ்டாஃபோர்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்காரர். அவர் பேசிய ரஷ்ய மொழிக்கு லியோனவ் 'ஓக்லஹோம்ஸ்கி' என்று பெயர் வைத்தார். கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். 2019-இல் லியோனவ் இறந்தபோது ஸ்டாஃபோர்டு போய் அஞ்சலி உரை ஆற்றினார்.

ஆனால் அது விருந்து. இரண்டு நாள் விருந்தாளி வேறு, குடித்தனம் வேறு. குடித்தனம் தொடங்கியது மிர் நிலையத்தில்.

சோவியத் கட்டிய வீடு மிர். 1995-இலிருந்து அமெரிக்கர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். 1997 பிப்ரவரியில் ஆக்ஸிஜன் தரும் ஒரு வேதிக் குப்பி தீப்பிடித்தது. உள்ளே ஆறு பேர், தப்பிப் போக இரண்டு சோயுஸ். அதில் ஒரு சோயுஸுக்குப் போகும் வழியைத் தீயே மறித்து நின்றது. அதை ஒருவழியாக அணைத்தார்கள். நான்கு மாதத்தில் அடுத்தது.

ஜூன் 25. நிலையத்தின் ரஷ்யத் தளபதி வாசிலி சிப்ளியெவ் ஒரு சரக்குக் கலத்தைத் தொலைவிலிருந்து கையால் இயக்கிக் கொண்டுவந்து இணைக்கப் பார்க்கிறார். அது வேகம் தணியாமல் வந்து ஸ்பெக்டர் என்ற அறையில் மோதுகிறது. காற்று கசிகிறது, காது அடைக்கிறது. அமெரிக்கரான மைக்கேல் ஃபோல் குடியிருந்த அறை அதுதான். அவருடைய படுக்கை, துணிமணி, வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள். அந்த அறையை மூடினால்தான் மற்றவர்களுக்குக் காற்று. மூட முடியவில்லை, ஏனென்றால் கதவின் குறுக்கே மின்கேபிள்கள் போகின்றன. அந்த அறையின் சூரியத் தகடுகளிலிருந்துதான் வீட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு வருகிறது. இன்னொரு ரஷ்யரான அலெக்சாண்டர் லாசுத்கின் கேபிள்களைக் கழற்றினார், கழற்ற வராததைக் கத்தியால் அறுத்தார். ஃபோல் பக்கத்தில் நின்று உதவினார். தன் அறையை, தன் பொருள்களோடு சேர்த்துத் தானே மூடினார்.

கதவு மூடியதும் விளக்கு போனது. வீடு மெல்லச் சுழல ஆரம்பித்துவிட்டதால் மிச்சமிருந்த தகடுகளும் சூரியனைப் பார்க்கவில்லை. கருவிகள் ஓய்ந்துவிட்டன. ஃபோல் ஜன்னலோரம் போய், கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, நட்சத்திரங்கள் அதைக் கடந்துபோகும் வேகத்தை வைத்து வீடு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை வைத்துத்தான் சோயுஸின் உந்துகலன்களைப் பற்றவைத்துச் சுழற்சியை அடக்கப் பார்த்தார்கள். இரவில் திசை தெரியாமல் வெள்ளியைப் பார்த்துப் படகைத் திருப்பிய கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு ஃபோலின் கட்டைவிரல் அந்த வரிசையில்தான் தெரிகிறது. எந்தச் சூப்பர் ஹீரோ சண்டைக் காட்சியும் இதற்கு ஈடில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மிர்ரில் வீடு ஒருவருடையது, மற்றவர் வந்து தங்கியவர். அடுத்து வந்த சர்வதேச விண்வெளி நிலையத்தில் இரண்டு பேருமே வீட்டுக்காரர்கள். என் கட்டுரையின் மையம் இதுதான்: அந்த வீட்டைக் கட்டியவர்கள் நட்பை நம்பிக் கட்டவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் வீட்டை நடத்த முடியாதபடி சுவருக்குள்ளேயே தேவையை வைத்துக் கட்டினார்கள்.

1998 நவம்பரில் ஏவப்பட்ட முதல் பகுதி ஸார்யா. கட்டியது ரஷ்யா, பணம் கொடுத்தது அமெரிக்கா. சுற்றும் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. புளோரிடாவிலிருந்து கிளம்பும் அமெரிக்கர்களுக்கு அதைவிடச் சாய்வு குறைந்த பாதைதான் வசதி, நிறையச் சுமை ஏற்றலாம். கஜகஸ்தானில் இருக்கும் பைகானூர் ஏவுதளத்திலிருந்து வரும் ரஷ்யக் கலங்கள் எட்ட வேண்டும் என்பதற்காக அந்த வசதியை விட்டுக்கொடுத்தார்கள். மின்சாரத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பக்கத்துத் தகடுகளிலிருந்து வருகிறது, ரஷ்யப் பக்கத்துக்கும் அங்கிருந்து போகிறது. வீட்டைச் சாயாமல் நிறுத்தும் சுழல்சக்கரங்களும் அமெரிக்கப் பக்கத்தில்தான். ஆனால் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் லேசான காற்று வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும். மேலே தூக்கிவிடும் உந்துவிசை பெரும்பாலும் ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்தது. ஒருவரிடம் வெளிச்சம், மற்றவரிடம் உயரம். இப்போது அமெரிக்கச் சரக்குக் கலங்களும் தூக்கிவிடப் பழகிவருகின்றன, அதனால் அந்தப் பிடி முன்பு போல இறுக்கமாக இல்லை.

உள்ளே முதலில் நுழைவது யார்? 1998 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி ராபர்ட் கபானாவும் ரஷ்யரான செர்கெய் கிரிகலெவும் பக்கம் பக்கமாக, சேர்ந்தே மிதந்து போனார்கள். இந்தக் கிரிகலெவ், 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது மிர்ரில் இருந்தவர். 311 நாள் கழித்து இறங்கியபோது அவரை அனுப்பிய நாடே இல்லை. அப்புறம் 1994-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் பறந்த முதல் ரஷ்யரும் அவரே. ஓர் அணியிலிருந்து இன்னொரு அணிக்குப் பாலமாக ஒரு பாத்திரம் வேண்டுமென்றால், கதைக்காரர்கள் இவரைத்தான் படிக்க வேண்டும்.

2000 நவம்பர் 2-இல் முதல் குடித்தனக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வில்லியம் ஷெப்பர்டு, கடற்படைக்காரர். கப்பல் என்றால் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்தவர், 'ஆல்ஃபா' என்று அழைக்க அனுமதி கேட்டார். ரஷ்யத் தரப்பில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆல்ஃபா என்றால் முதல். அப்படியானால் மிர் என்ன, கணக்கில் இல்லையா? படகுக்குப் பெயர் எழுதும்போது எந்தச் சாமி பெயர் முன்னால், எந்த மகள் பெயர் பின்னால் என்று ஒரு வீடே பிரிந்து நின்றதைப் பாம்பனில் பார்த்திருக்கிறேன். பெயர் சின்ன விஷயம் இல்லை.

சின்ன விஷயமே இல்லாத இன்னொன்று கழிப்பறை. 2009-இல் நிலையத்துக்குப் புறப்படும் முன் ரஷ்யத் தளபதி கெனாடி பதால்கா ஒரு ரஷ்ய நாளிதழிடம் மனம் விட்டுப் பேசினார். ஒருவர் கழிப்பறையை மற்றவர் பயன்படுத்தக்கூடாது, உடற்பயிற்சிக் கருவியையும் தொடக்கூடாது என்று தரையில் இருக்கும் அதிகாரிகள் விதி போடுகிறார்கள், செலவுக் கணக்கு பார்க்கிறார்கள், இதனால் மேலே இருப்பவர்களின் மனநிலை கெடுகிறது என்றார். கவனியுங்கள், சண்டை மேலே பிறக்கவில்லை, கீழேயிருந்து அனுப்பப்பட்டது. அதே வீட்டில் அமெரிக்கப் பக்கத்துக் கருவி சிறுநீரைக்கூடச் சுத்தமாக்கிக் குடிநீராக்குகிறது. ரஷ்யப் பக்கம் தன் சிறுநீரை அப்படி மாற்றாமல் இருந்த காலத்தில், அதையும் வாங்கிவந்து தண்ணீராக்கியிருக்கிறார்கள். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்துக்காரனுக்கு இது அருவருப்பாகத் தெரியாது. தனுஷ்கோடியில் அலைக்குப் பத்தடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். யார் தோண்டிய ஊற்றில் யார் மொள்ளலாம் என்பதற்கு எழுதாத சட்டம் அங்கேயும் உண்டு.

விதி என்றதும் எனக்கு எங்கள் கடல்தான் நினைவுக்கு வரும். பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறுபடும், ரத்தம் சிந்தும். அப்படி நடந்த காலம் உண்டு. இப்போது வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு பக்கமும் மனக்குறை உண்டு, மீறல் உண்டு, ஆனால் ஏற்பாடு நிற்கிறது. இவர்களுக்குள் பாசம் வந்துவிட்டதால் அது நிற்கவில்லை. இருப்பது ஒரே கடல் என்பதால் நிற்கிறது. அக்கா மகனிடம் அட்டவணை போடு என்று சொன்னது இதனால்தான். காற்றுச் சுத்திகரிப்பானை எந்த அணி எந்த நாள் பார்த்துக்கொள்ளும், சமையல் மேசை யாருக்கு எப்போது, மூன்றாம் நாளில் யார் அட்டவணையை மீறுவார். கதை அங்கேயிருந்து ஓடும்.

2022-இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபோது பெரிய சோதனை வந்தது. நாங்கள் இல்லாவிட்டால் நிலையம் எங்கே போய் விழும் தெரியுமா என்கிற தொனியில் ரஷ்ய விண்வெளித் துறைத் தலைவரே பேசினார். அந்த மார்ச் 30-இல், மேலே 355 நாள் இருந்த அமெரிக்கர் மார்க் வான்ட ஹை, இரண்டு ரஷ்யர்களோடு ரஷ்யக் கலத்திலேயே பத்திரமாக இறங்கினார். அதே ஆண்டு இருக்கை மாற்றும் ஒப்பந்தமும் நடந்தது: அமெரிக்கரான பிராங்க் ரூபியோ சோயுஸில் போனார், ரஷ்யரான ஆன்னா கிகினா அமெரிக்க டிராகன் கலத்தில் போனார். டிசம்பரில் ரூபியோ வந்த சோயுஸின் குளிர்விப்பு திரவம் கசிந்து கொட்டியது. ஆபத்து என்றால் மூன்று பேரும் அதில் ஏறி இறங்குவது பாதுகாப்பில்லை. அவர் உடம்பு அளவுக்கு வார்த்த இருக்கை மெத்தையை எடுத்துப்போய் டிராகனில் தற்காலிகமாகப் பொருத்தி வைத்தார்கள். புது சோயுஸ் வந்து அவர் தரையிறங்கியபோது 371 நாள் ஆகியிருந்தது. பகைநாட்டுக்காரர்கள் சேர்ந்து இருக்கும் வீட்டில், தீப்பிடித்தால் யார் எந்தக் கலத்தில், எத்தனை இருக்கை என்பதைவிடப் பதற்றமான கேள்வி கிடையாது. அதை ஒரு சித்திரக்கதை இன்னும் சரியாக எழுதவில்லையே என்பது எனக்கு உண்மையான ஏக்கம்.

இப்படி ஓர் இடம் எங்களுக்கும் இருக்கிறது, கச்சத்தீவு. 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. இந்தப் பக்கத்து மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. நடைமுறையில் போவது அந்தோணியார் கோவில் திருவிழாவுக்குத்தான். நடுக்கடலில் ஒருவர் வலையை ஒருவர் சபிக்கிற இரண்டு கரைக்காரர்களும், தண்ணீரும் சாப்பாடும் சுமந்துகொண்டு வந்து, ஒரே மணலில் ஓர் இரவு படுத்து எழுந்து போவார்கள். பூசை இரண்டு பேருக்கும் தமிழில்தான். 2024-இல் மீனவர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து திருவிழாவுக்குப் போகவில்லை. சேர்ந்திருப்பதை நிறுத்துவதும் ஒரு பேச்சுதான். அதையும் கதையில் ஓர் அணி பேசலாம்.

சீனா இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறது. அமெரிக்கச் சட்டம் 2011-இலிருந்து அவர்களோடு நாசா நேரடியாகக் கூட்டுச் சேர்வதைத் தடுத்ததால், தனியாகவே தியாங்கோங் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். நம் ஆட்கள் இதுவரை மற்றவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள்: ராகேஷ் சர்மா 1984-இல் சோவியத் நிலையத்தில், சுபான்ஷு சுக்லா 2025-இல் சர்வதேச நிலையத்தில். இந்தியா 2035-க்குள் சொந்த வீடு கட்டத் திட்டமிட்டிருக்கிறது. கதவின் வளையத்தை யாரோடு பொருந்தும்படி செய்யப்போகிறோம் என்பதை அப்போது நாமும் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

போன வாரம் அவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்த சண்டையை அழித்திருந்தான். இரண்டு அணிக்கும் நடுவில் ஒரு கதவு, கதவின் குறுக்கே தடித்தடியாக ஏழெட்டுக் கேபிள். இந்தப் பக்கத்து அறையில் விளக்கு எரிய அந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வருகிறதாம். மூலையில் ஒரு மேசையும், அதன்மேல் ஒரு கத்தியும் வரைந்திருந்தான். கத்தியைப் பிடிக்கும் கையை மட்டும் இன்னும் வரையவில்லை. "எந்த டீம் ஆள் கையில குடுக்கலாம் மாமா?" என்று கேட்டான். "காத்து எந்த அறையில போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணு மாப்ளே" என்றேன். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.